தலைவனைத் தேடும் நாவலாசிரியைக்கு

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு நாவலாசிரியை எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 41. பகலில் கணக்குப் பிரிவில் வேலை. திருமணமாகி 15 ஆண்டுகள், 13 வயதில் ஒரு மகள். கடந்த 12 ஆண்டுகளில் 17 காதல் நாவல்கள் எழுதியிருக்கிறார். விடிகாலை 4 மணிக்கு எழுந்து 6 மணி வரை எழுதுவது வழக்கம். 17-ஆவது நாவல் வெளிவந்த சில நாட்களில் எழுத்து நின்றுபோனது. இப்போது 8 மாதங்கள் ஆகின்றன. இடையில் ஆறு நாவல்களைத் தொடங்கினார்; ஒன்றுகூட மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. "என் வாழ்க்கையில் காதல் தீர்ந்துவிட்டது, அதனால் எழுத்தும் தீர்ந்துவிட்டது" என்று அவரே காரணமும் சொல்கிறார். கணவர் நல்லவர்தான். ஆனால் இவருடைய புத்தகங்களைப் படிப்பதில்லை. இருவருக்கும் இடையிலான பேச்சு வீட்டு வரவு செலவைத் தாண்டுவதில்லை.

ஆறு மாதங்களுக்கு முன், கல்லூரியில் உடன் படித்த ஒருவர் நாவலைப் படித்துவிட்டுப் பாராட்டிச் செய்தி அனுப்பினார். அன்று தொடங்கியது. இப்போது இரவு 11 மணிக்கு ஆரம்பிக்கும் பேச்சு 12.30 வரை போகிறது. காதல் என்று இருவரும் சொல்லிக்கொண்டதில்லை, நேரில் சந்தித்ததும் இல்லை. ஆனால் அவர் பேசினால் மறுநாள் காலையில் ஒரு காட்சி கிடைக்கிறது. பேசாவிட்டால் வெற்றுத் திரைதான். கைபேசியில் அவர் பெயரைப் 'பிழைதிருத்துநர்' என்று சேமித்து வைத்திருக்கிறார். அவர் அனுப்பிய இரண்டு வரிகளைப் புதிய நாயகன் ஒருவனின் வாயில் அப்படியே வைத்தும் இருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இன்னொரு விஷயம். 17-ஆவது நாவலில் தன் நெருங்கிய தோழியின் முறிந்துபோன காதலைப் பயன்படுத்தியிருக்கிறார். பெயர், தொழில் எல்லாம் மாற்றிவிட்டார். பிரியும்போது அந்த ஆண் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றவில்லை; "அவ்வளவு நல்ல வாக்கியம், விட மனம் வரவில்லை." நாவல் வந்த வாரமே தோழி படித்தார். அன்றிலிருந்து பேசுவதில்லை. "பெயரைத்தான் மாற்றிவிட்டேனே, இதில் என்ன தப்பு?" என்கிறார். இதே தோழிதான் இதற்கு முந்தைய 16 நாவல்களையும் கைப்பிரதியாகவே படித்தவர் என்பது ஒரு அடைப்புக்குறிக்குள் வருகிறது.

கேள்விகள் மூன்று. ஊற்று வற்றிவிட்டதா? எழுத்துக்காகத்தானே பேசுகிறேன், அந்த நட்பைத் தொடரலாமா? நான் இன்னும் எழுத்தாளர்தானா, இல்லை நிறுத்திவிடலாமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மூன்றாவது கேள்விக்கு இந்த விளிப்பே பதில். 17 நாவல்கள் எழுதிய கை எட்டு மாதம் சும்மா இருந்தால் தொழில் மாறிவிடாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கடிதம் ஒன்றை வைத்துத்தான் பேசுகிறேன். நேரில் உட்கார்ந்து பேசினால் நான் சொல்வதில் சில மாறக்கூடும்.

மனசுக்குள் போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. நாளெல்லாம் கணக்குப் பார்க்கிற நீங்கள் இதை மட்டும் எப்படியோ விட்டுவிட்டீர்கள். இரவு 12.30-க்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் மூன்றரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமாவது வேண்டும். ஆறு மாதமாக அதில் பாதியை வைத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். தூக்கம் கெட்ட மூளையிலும் ஒரு தொடக்கம் பளிச்சென்று தோன்றிவிடும். ஆனால் எட்டுப் பாத்திரங்களில் யாருக்கு எது தெரியும், யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பதையெல்லாம் தலையில் ஏந்திக்கொண்டு கதையின் நடுப்பகுதியைக் கடக்க அந்த மூளையால் முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் வண்டி நிற்பதற்கு இதுவே கணிசமான காரணமாக இருக்கலாம். என்னிடம் வருகிற பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. ஆழமான காரணம் ஒன்றை எதிர்பார்த்து வந்தவரிடம் 'தூங்குங்கள்' என்று சொன்னால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

கூடவே ஒன்று கேட்கிறேன். நாட்டம் குறைந்தது எழுத்தில் மட்டும்தானா? மகளோடு சிரிப்பது, விரும்பிக் கேட்ட பாட்டு, பிடித்த எழுத்தாளரின் புத்தகம் இவையெல்லாமும் சுவை இழந்துவிட்டனவா? எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை எல்லாமே 'எதுவும் ஓடவில்லை' என்ற ஒரே முகத்தோடு வரக்கூடியவை. ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய ஒன்றுக்காக ஒரு திருமணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் நம்பிக்கைக்கு வருகிறேன். காதலில் இருந்தால்தான் காதலை எழுத வரும் என்கிறீர்கள். கொலைக்கதை எழுதுகிற யாரும் 'கொலை செய்து நாளாகிவிட்டது, அதனால் எழுத வரவில்லை' என்று என்னிடம் வந்ததில்லை. காதல்கதை எழுதுகிறவர்கள்தான் இப்படி வருகிறார்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1802-இல் ஒருவரை மணக்கச் சம்மதித்து, மறுநாள் காலையே அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் முடித்த ஆறு நாவல்களும் காதலைச் சுற்றியே நடக்கின்றன. நம் பக்கத்தில் கபிலர் இருக்கிறார். குறிஞ்சி பாடுவதென்றால் கபிலர் என்று பெயரெடுத்தவர். கூடலும் கூடல் நிமித்தமும்தான் அவர் ஆட்சி செய்த இடம். அவரைத்தான் 'புலன் அழுக்கற்ற அந்தணாளன்' என்று புறநானூற்றில் மாறோக்கத்து நப்பசலையார் பாடுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்பின் ஐந்திணையில் புணர்தல் ஒன்றே ஒன்றுதான். மற்ற நான்கும் பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். ஐந்தில் நான்கு பங்கு காதல், தலைவன் பக்கத்தில் இல்லாதபோதோ பக்கத்தில் இருந்தும் சரிப்படாதபோதோ நடக்கிறது. உங்கள் வீட்டில் குறிஞ்சி இல்லாமல் இருக்கலாம். காத்திருக்கிற முல்லையும் ஊடுகிற மருதமும்கூட இல்லை என்பதை நான் நம்பவில்லை. கணவரைக் குறை சொல்கிற பத்தியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: விடிகாலையில் அவர் எழுந்து போகும்போது, நீங்கள் எழுதுகிற அறையின் கதவைச் சத்தம் வராமல் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி சாத்திவிட்டுப் போவார் என்று. குறையாகத்தான் சொல்கிறீர்கள், 'எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்' என்று. உங்கள் கடிதம் முழுக்கத் தேடினால், நான் கண்ணால் பார்த்த காட்சி அது ஒன்றுதான். கல்லூரி நண்பரைப் பற்றி இரண்டரைப் பக்கம் இருக்கிறது. அதில் அவர் கை எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அதற்காக உங்கள் திருமணம் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. வரவு செலவைத் தவிர வேறு பேச்சில்லாத வீடு யாரையும் வாட்டும். அது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். எழுத்து நின்றதற்கான பழியை அதன் மேல் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 15 ஆண்டுகளில் பெரும்பகுதி இதே வீட்டில், இதே மனிதரோடு இருந்துகொண்டுதான் 17 நாவல்கள் எழுதினீர்கள்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்

நாவல் வந்தது 8 மாதங்களுக்கு முன். அந்த வாரமே தோழி பேசுவதை நிறுத்தினார். அடுத்த சில நாட்களில் எழுத்து நின்றது. நண்பரின் முதல் செய்தி வந்தது 6 மாதங்களுக்கு முன். அதாவது, எழுத்து நின்று இரண்டு மாதம் கழித்து.

இந்த நான்கு வரிகளும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடப்பதால் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. தலைவன் இல்லாததால் கதை நின்றது என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, நீங்கள் தொலைத்தது தோழியை என்று தோன்றுகிறது.

அகப்பாட்டுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பைப் படித்தால் 'தலைவி தோழிக்கு உரைத்தது', 'தோழி தலைவிக்குச் சொல்லியது' என்று வந்துகொண்டே இருக்கும். காதலிப்பவர்கள் இரண்டு பேர். ஆனால் அந்தக் காதல் பாட்டாக வேண்டுமென்றால் மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, காது கொடுப்பதற்கு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அவ்வளவும் தலைவியின் காதலைத் தோழி செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்வதுதான்.

ஆங்கில நாவலாசிரியைகளான சார்லட், எமிலி, ஆன் என்ற பிரான்டே சகோதரிகளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. இரவில் வேலையெல்லாம் முடிந்ததும் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தாங்கள் எழுதுகிற கதைகளைப் பேசிக்கொள்வார்கள். 1848-இல் எமிலி இறந்தார், 1849-இல் ஆன். அதன் பிறகும் சார்லட் அந்த மேசையைச் சுற்றித் தனியாக நடந்துகொண்டிருந்தார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலை முடிக்கப் பட்ட பாட்டை நான் விவரிக்கத் தேவையில்லை. நீங்கள் இப்போது அந்த மேசையைச் சுற்றித்தான் நடக்கிறீர்கள்.

16 நாவல்களுக்கு ஒரே முதல் வாசகர். அவரிடம் சொல்வதற்காகவே காட்சிகளை உருட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள், தெரியாமலே. அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் இந்த நண்பர். அவர் பேசினால் காட்சி வருவதற்குக் காரணம் அவர் ஆண் என்பதோ, பழைய பழக்கம் என்பதோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. 'அப்புறம் என்ன எழுதினாய்?' என்று கேட்க ஒருவர் கிடைத்தார். அவ்வளவுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு வழி கீழே சொல்கிறேன்.

அந்த நண்பர்

'எழுத்துக்காகத்தான் பேசுகிறேன்' என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, 'பிழைதிருத்துநர்' என்ற பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றுவது உங்கள் தொழில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதரின் பெயரை மாற்றி வைத்த பிறகு, அது யார் கண்ணிலிருந்து மறைக்க என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். இதைக் கள்ள உறவு என்று நான் சொல்லப்போவதில்லை. ஒன்றுமில்லாத விஷயம் என்றும் சொல்ல மாட்டேன்.

உளவியலாளர் டோரதி டென்னோவ் 1979-இல் எழுதிய ஒரு நூலில் 'லிமரென்ஸ்' என்று ஒரு நிலையை விவரித்தார். ஒருவரைப் பற்றிய நினைப்பு ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும் நிலை அது. அதற்குத் தீனி போடுவது இரண்டு: கொஞ்சம் நம்பிக்கை, நிறைய நிச்சயமின்மை. பதில் வந்துவிட்டால் ஆனந்தம், வராவிட்டால் தவிப்பு. அடுத்து எது என்று தெரியாததால்தான் மனம் அங்கேயே கிடக்கிறது. உங்களுக்கு இது வந்துவிட்டது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். அறிகுறிகளை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. நள்ளிரவுப் பேச்சுக்கு எப்போதுமே முதல் அத்தியாயத்தின் வாசனை உண்டு. அதில் இருவரும் அழகாகப் பேசுவார்கள். யாருக்கும் காய்ச்சல் வராது, யாரும் கரண்ட் பில் கட்ட மறக்க மாட்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து கிடைக்கிற காட்சிகளும் முதல் அத்தியாயங்களாகவே இருக்கும். ஆறு நாவல்களைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆறும் தொடக்கங்கள். ஊற்று என்று நீங்கள் நினைப்பது தொடக்கங்களை மட்டும்தான் தருகிறது. நான்காம் அத்தியாயம் அதனிடம் இல்லை.

சார்லட் பிரான்டேயையே திரும்பக் கூப்பிடுகிறேன். தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த, திருமணமான ஓர் ஆசிரியருக்கு அவர் உருகி உருகிக் கடிதம் எழுதினார். பதில்கள் குறைந்துகொண்டே போயின. இன்று கிடைக்கிற அந்தக் கடிதங்களில் கடைசி 1845 நவம்பரில் எழுதியது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நாவலை எழுத ஆரம்பித்தது 1846-இல், அது வெளிவந்தது 1847 அக்டோபரில். கடிதம் நின்றதால்தான் நாவல் வந்தது என்று சொல்வது அசட்டுத்தனம். ஆனால் கடிதம் நின்றால் நாவல் வராது என்ற உங்கள் பயத்துக்கு இது ஒரு பதில்.

என்ன செய்யலாம்? இப்படியே தொடர்வது ஒரு வழி. அதில் தூக்கம் போகும், வீட்டில் ஒருநாள் தெரியவரும், அதைவிட மோசமாக, ஒரு மனிதரின் செய்தி வராவிட்டால் எழுதவே முடியாது என்ற நம்பிக்கை இறுகிப்போகும். ஒரேயடியாக வெட்டிவிடுவது இன்னொன்று. உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் அது பத்து நாள்கூட நிற்காது என்று நினைக்கிறேன். மூன்றாவதாக நான் சொல்வது: 30 நாள் இடைவெளி. சொல்லாமல் காணாமல் போகாதீர்கள்; அவரும் மனிதர், தான் ஒரு நாவலுக்கு ஊற்றாக இருப்பது தெரியாமலே இத்தனை மாதம் பேசிக்கொண்டிருந்தவர். 'ஒரு மாதம் எழுத்தில் இருக்கப்போகிறேன், இடையில் பதில் சொல்ல மாட்டேன்' என்று ஒரே ஒரு செய்தி போதும். காரணம், விளக்கம், வருத்தக்குறி எதுவும் வேண்டாம். அவருடைய உண்மையான பெயரைக் கைபேசியில் திரும்பப் போட்டுவிட்டு அதை அனுப்புங்கள். அந்த 30 நாளும் கீழே சொல்கிறபடி எழுத உட்காருங்கள். காட்சி வந்தால் உங்கள் கொள்கை தவறு. வராவிட்டால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

அவருடைய இரண்டு வரிகளை எடுத்துக்கொண்டதைப் பற்றி: நான் வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் இதில் பொதுவான நிலை தெளிவானது. பெரும்பாலான நாடுகளில், கடிதமோ செய்தியோ யார் கைக்கு வந்ததோ அவர் அதை வைத்துக்கொள்ளலாம். அதன் வாசகத்துக்கான பதிப்புரிமை எழுதியவருடையது. இரண்டு சிறு வரிகளுக்காக யாரும் வழக்குப் போடுவார்களா என்பது வேறு கேள்வி. தொடங்கி நின்றுபோன கதைதானே, இப்போதே எடுத்துவிடுங்கள்.

கணவரிடம் சொல்வதா? இரவு 12 மணிக்கு அழுதுகொண்டு கொட்டிவிடாதீர்கள். முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியட்டும். 30 நாள் கழித்து அந்த நட்பு தொடரப்போகிறது என்றால், அவர் பெயர் வீட்டில் புழங்குகிற பெயராக இருக்க வேண்டும். பேசும் நேரமும் நள்ளிரவாக இருக்கக் கூடாது. இதை அப்படிச் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை என்றால் அது தொடரக்கூடிய நட்பு அல்ல. ஒரு விதிவிலக்கு: சொன்னால் அடி விழும், மிரட்டல் வரும் என்ற பயம் கொஞ்சமேனும் இருந்தால், நேரில் ஓர் ஆலோசகரைப் பார்க்காமல் எதையும் சொல்ல வேண்டாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை.

பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. இது சட்டக் கேள்வியாவதற்கு முன்பே இலக்கணக் கேள்வியாக நம்மிடம் இருந்திருக்கிறது. 'மக்கள் நுதலிய அகன் ஐந்திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பியம். காதலைப் பாடும்போது இன்னார் என்று பெயர் சொல்லக் கூடாது. இந்த விதி எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு நெடுநல்வாடை நல்ல உதாரணம். போர்க்களத்தில் இருக்கும் அரசன், அரண்மனையில் வாடும் அரசி என்று பாட்டு முழுக்கப் பிரிவுதான். எங்கேயும் பெயர் இல்லை. ஆனால் ஒரு வேலின் நுனியில் வேப்பந்தார் கட்டியிருந்தது என்று ஓர் இடத்தில் வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் ஆகாது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லிவிட்டார். 188 அடிப் பாட்டில் ஒரு பூ.

உங்கள் நாவலில் அந்த ஆண் பிரியும்போது சொன்ன வாக்கியம்தான் வேப்பம்பூ. ஊருக்கு அது தெரியாது. கேட்டவர் ஒருவர், சொன்னவர் ஒருவர். அந்த இரண்டு பேருக்கும் அது போதும். உங்கள் தோழிக்கு அது காதில் விழுந்த நாளை, 'நல்ல வாக்கியம்' என்று நீங்கள் அச்சிட்டுவிட்டீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: அந்தரங்கம், அவதூறு தொடர்பான வழக்குகளில் பெயர் இருக்கிறதா என்பதைவிட, தெரிந்தவர்களால் ஆளை அடையாளம் காண முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். 'கதையும் பாத்திரங்களும் கற்பனையே' என்று முதல் பக்கத்தில் போடுவது முழுக் கவசம் ஆகாது. பதிப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இந்தப் படைப்பு யாருடைய உரிமையையும் மீறவில்லை என்று ஆசிரியர் உறுதி கொடுக்கும் பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்தால் பிரச்சினை வரும்போது பொறுப்பு உங்கள் தலையில்தான் விடியும். வழக்கறிஞர் அறிவிப்பு ஏதும் வந்தால் நீங்களாகப் பதில் எழுதாமல் ஒரு வழக்கறிஞரிடம் போய்விடுங்கள். ஆனால் உங்கள் தோழி வழக்குப் போடவில்லை. பேசுவதை நிறுத்தியிருக்கிறார். ஒருவேளை உங்களுக்கு அதுதான் அதிக தண்டனை.

அவருக்குக் கடிதம் எழுதுங்கள். சிறியதாக, உங்கள் கையால். அதில் மூன்று இருக்கட்டும். செய்தது என்னவென்று பெயர் சொல்லி ஒத்துக்கொள்வது: 'நீ என்னை நம்பிச் சொன்ன வாக்கியத்தை உன்னைக் கேட்காமல் எடுத்தேன்.' மன்னிப்பு, 'ஆனால்' இல்லாமல். பிறகு, செய்துமுடித்த ஒரு காரியம். அதனால் கடிதம் எழுதுவதற்கு முன்பே பதிப்பாளரிடம் பேசிவிடுங்கள். மின்பதிப்பில் அந்த வாக்கியத்தை உடனே மாற்ற முடியும், அச்சில் அடுத்த பதிப்பில் மாற்றலாம். வாக்கியத்தோடு நிறுத்தாமல் அந்தக் காட்சியையே திருத்தி எழுதினால் இன்னும் நல்லது. 'மாற்றிவிடட்டுமா?' என்று அவரிடம் கேட்டு முடிவெடுக்கும் சுமையை அவர் மேல் ஏற்றாதீர்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. எழுத்து நின்றுபோனதைச் சொல்லாதீர்கள், அது பரிதாபம் கேட்பதாகிவிடும். புதிய நாவலைப் படித்துப் பார்க்கும்படி கேட்காதீர்கள். பொதுவான தோழிகள் வழியாகத் தூது விடாதீர்கள். பதில் வராமலும் போகலாம், அந்த உரிமை அவருக்கு இருக்கிறது.

இனிமேல் யாருடைய வாழ்க்கையிலிருந்தாவது எடுப்பதானால், எடுப்பது உணர்ச்சியாக இருக்கட்டும், சம்பவம் உங்களுடையதாக இருக்கட்டும். சொன்னவரிடம் அச்சுக்கு முன் காட்டுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் அது நல்ல வாக்கியமாக இருந்தாலும் போகட்டும். நல்ல வாக்கியங்கள் உங்களுக்குப் பஞ்சமில்லை.

மறுபடி எழுத உட்காரும்போது

விடிகாலை 4 மணிக்கு மந்திரசக்தி எதுவும் இல்லை. அப்போது வீடு அமைதியாக இருக்கும், அவ்வளவுதான். இரவு 10 மணிக்குள் தூங்க முடிந்தால் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் 20 நிமிடம், அதே நாற்காலியில்.

மனநிலை வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதை ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1980-களில் சோதித்தே பார்த்தார். எழுதத் திணறிய கல்லூரிப் பேராசிரியர்கள்தான் அவர் ஆட்கள். தோன்றும்போது எழுதியவர்களைவிட, தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் குறித்த நேரத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் அதிகம் எழுதினார்கள். புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அடிக்கடி வந்தன. அவர்கள் எழுதியது காதல்கதை அல்லதான். ஆனால் என்னிடம் வருகிற புனைகதை எழுத்தாளர்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன்.

மனநிலைக்குக் காத்திருப்பதன் எதிர் ஓரத்தில் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப் இருக்கிறார். தபால் துறை அதிகாரியாக இருந்துகொண்டே நாவல்களாக எழுதிக் குவித்தவர். காலை 5.30-க்குக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதினார். உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நாவல் முடிந்துவிட்டால் அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். அவர் இறந்த பின் 1883-இல் வந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இவர் கலைஞரா கணக்குப்பிள்ளையா என்று பலர் முகம் சுளித்தார்கள். கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டே 17 நாவல்கள் எழுதிய உங்களுக்கு அவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இப்போதைக்கு அவரைப் பின்பற்ற வேண்டாம். காயம்பட்ட கால் நடக்கத்தான் பழக வேண்டும், ஓட்டப்பந்தயம் பிறகு.

முதல் வாரம் நாளுக்கு 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஆர்வம் பொங்கினாலும் எழுந்துவிடுங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். பாராட்டு எதிர்பார்க்காமல் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வாரம் ஒருமுறை, இரண்டு பக்கத்தை யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எழுதுகிற நண்பர்களில் ஒருவராக இருக்கலாம். கணவரிடம் கேட்டுப் பார்த்ததுண்டா? அவர் படிப்பதில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், கேட்க மறுத்தார் என்று எழுதவில்லை. முதல் தடவை அவர் தூங்கிவிட்டாலும் இரண்டாவது தடவை முயன்று பாருங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுவிட்டு அதற்குப் படியுங்கள்.

ஏழாவது நாவலைத் தொடங்காதீர்கள். அந்த ஆறில் ஒன்றை எடுத்து நான்காம் அத்தியாயத்துக்குப் போங்கள். நாயகன் ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; செய்தி எதுவும் அவனிடமிருந்து வரவில்லை. நாயகி தன் தோழியைப் பார்க்கப் போகிறாள். இருவருக்கும் இடையில் என்னவோ சரியில்லை. அந்தக் காட்சியை எழுதுங்கள். தோழி என்ன பதில் சொல்வாள் என்று தெரியாமல் கை நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, மறுநாள் அதே இடத்தில் வந்து உட்காருங்கள்.